டாக்டர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட்

இடுப்பு மூட்டுத் தேய்ந்து, ஓரடி எடுத்து வைப்பதற்கும் கோலையும் பிறர் தோளையும் நாடி நிற்கும் முதியோரை நம்மிற் பலர் தம் குடும்பத்திலேயே கண்டிருப்பர். பழுதுற்ற மூட்டினை நீக்கிவிட்டு, உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் அமைந்த புது மூட்டினை அவ்விடத்தே பொருத்தும் சத்திர சிகிச்சையை, இங்கிலாந்து தேசத்து ஜான் சார்ன்லி என்னும் வைத்தியர் 1962-ஆம் ஆண்டளவிற் செம்மையுற வகுத்தார். பின்னர் அது பல தேசங்களிலும் பரவி, இன்று நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் நடைபெற்று வருகின்றது. சிகிச்சை எவ்வளவு திறமையாக நடப்பினும், மயக்கம் தெளிந்தபின் உண்டாகும் வலி சிறிதன்று. தசை பிளவுபட்டு, எலும்பு வாளால் அறுக்கப்பட்டுக் குடையப்பட்ட இடமன்றோ அது! அவ்வலிக்கு மார்பியா மிகுதியாகக் கொடுப்பின் முதியோர்க்கு வாந்தியும், மலச்சிக்கலும், ஓயாத உறக்கமும், சிலவேளைகளிற் புத்தித் தடுமாற்றமும் நேரிடும். ஆதலின் இந்நாள் வைத்தியர் பலர் வேறொரு வழியைக் கையாளுகின்றனர். காதுக்கெட்டாத ஒலியலைகளைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாகக் காட்டும் அல்ட்ராசவுண்டுக் கருவியைத் துடையின் மேற்புறத்தே வைத்து, நரம்பு செல்லும் இடத்தைத் திரையிற் கண்டு, ஊசிமுனை போகும் வழியையும் கண்டு, நரம்பினருகே உணர்வு நீக்கும் மருந்தைச் செலுத்துகின்றனர். மூட்டிலிருந்து மூளைக்குப் புறப்பட்ட வலி வழியிலேயே நின்றுவிடுகின்றது.

நோவுள்ள இடத்தில் மருந்திடாமல், அவ்விடத்திற்குச் செல்லும் நரம்பின் தண்டிலே மருந்திட்டு அங்கம் முழுவதையும் உணர்விழக்கச் செய்யலாம் என்னும் எண்ணம் செயலுக்கு வந்தது 1884-ஆம் ஆண்டின் இறுதியில், நியூயார்க் நகரத்தில். அதனைச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஹால்ஸ்டெட் என்னும் சத்திர வைத்தியர். வைத்தியக் கலாசாலை மாணாக்கர் அவர் பெயரை வேறு பல காரியங்களால் அறிவர். ஏனையோர் அறிந்திருத்தல் அரிது. பிறர் வலியை ஒழிக்க அவர் தேடிய மருந்து அவர் வாழ்வையே பற்றிக்கொண்ட வரலாற்றை, புகழுரையாக மட்டும் எழுதிவிடாமல், உள்ளவாறே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட் 1852-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 23-ஆம் தேதி நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் துணி முதலியன இறக்குமதி செய்யும் பெருவணிகர். வீட்டிலே ஆசிரியரை வைத்தும், பின்னர் ஆண்டோவர் பள்ளியிலும் கல்வி பயிற்றுவித்து, மகனை யேல் கலாசாலைக்கு அனுப்பினார். அங்கே அவர் கீர்த்தி பெற்றது படிப்பினாலன்று, கால்பந்தாட்டத்தினால். ஆட்டக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அந்நான்கு ஆண்டுகளிலும் கலாசாலைப் புத்தகசாலையினின்று அவர் ஒரு நூலேனும் இரவல் பெற்றதற்குச் சான்றில்லை என்பர். இச்செய்தியை நம் மாணாக்க நண்பர் சிலர் மகிழ்ச்சியோடு படிப்பர் என்பதை யாம் அறிவோம். அவர்கள் அடுத்த வாக்கியத்தையும் படிக்க வேண்டுகின்றோம். இறுதி ஆண்டிலே தேக அமைப்பைப் பற்றியும் அதன் இயக்கத்தைப் பற்றியும் எழுதப்பட்ட இரண்டு நூல்களை விலைக்கு வாங்கினார். அவற்றிலே மூழ்கியவர் பின்பு எழுந்திருக்கவில்லை. 1874-இல் யேலை விட்டு நீங்கி, நியூயார்க்கிலுள்ள வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து, 1877-இல் வைத்தியப் பட்டத்தைச் சிறப்புறப் பெற்றார்.

அக்காலத்தில் அமெரிக்க சத்திர வைத்தியர் கற்கவேண்டியவற்றுள் மேலானவை ஐரோப்பாவில் இருந்தன. 1878 முதல் 1880 வரை ஹால்ஸ்டெட் வியன்னாவிலும் ஜெர்மனியின் பல நகரங்களிலும் தங்கினார். வியன்னாவில் பில்ரோத் என்னும் பேராசிரியரின் சிகிச்சைகளைக் கண்டார். ஜெர்மானியர் தம் மாணாக்கரைப் படிப்படியாகப் பொறுப்பேற்றி ஆசிரியராக உயர்த்தும் முறையையும், சோதனைச்சாலையையும் சிகிச்சைக் கூடத்தையும் பிரியாமல் வைத்திருக்கும் முறையையும் நன்கு கவனித்தார். இவ்விரண்டும் பின்னாளில் அவர் கையாற் கடல் கடந்தன.

நியூயார்க்குக்குத் திரும்பிய ஹால்ஸ்டெட், சில ஆண்டுகளிலேயே அந்நகரத்தின் துணிவும் விரைவும் மிகுந்த சத்திர வைத்தியர்களுள் ஒருவரானார். பல ஆஸ்பத்திரிகளில் ஒரே காலத்திற் பணியாற்றினார். மாலையிலே வைத்திய மாணாக்கரைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்யும் வகுப்பு நடத்தினார். இரவிலே நண்பர்களை அழைத்து விருந்தளித்தார். கிருமிகளைப் பற்றிய லிஸ்டரின் கொள்கையை மூத்தோர் பலர் நகைத்த காலம் அது. பெல்வியூ ஆஸ்பத்திரியின் பழைய அறைகளிற் சுத்தமாகச் சிகிச்சை செய்தல் இயலாதெனக் கண்டு, அதன் வளாகத்திலே தனிக் கூடாரம் ஒன்று அமைத்து அதிலே தம் சிகிச்சைகளைச் செய்தார். 1881-இல் அவர் சகோதரி பிரசவத்தின்பின் குருதிப் பெருக்கால் உயிர் நீங்கும் நிலையை அடைந்தபோது, தம் கையினின்று குருதியை எடுத்து அவருக்கு ஏற்றிக் காப்பாற்றினார். குருதி வகைகளைப் பற்றி உலகம் யாதும் அறியாத காலத்தில் அச்செயல் பொருந்தி வந்தது நல்லூழே. அடுத்த ஆண்டில், ஆல்பனி நகரில் பித்தப்பை நோயால் துன்புற்ற தம் தாயாரை, நள்ளிரவு கழிந்த வேளையிற் சமையலறை மேசைமேற் கிடத்திச் சிகிச்சை செய்து கற்களை எடுத்தார். இத்தகைய மனிதர்க்கு அஞ்சத்தக்கது ஒன்று உண்டென்று அவருடைய நண்பர் எவரும் நினைத்திரார்.

இனி, கொக்கேயின் வந்த கதையைக் கூறுவாம். தென் அமெரிக்க மலைவாசிகள் மெல்லும் கொக்கா இலையினின்று அதன் சத்து 1860-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிற் பிரித்தெடுக்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேலாக அது வைத்தியத்திற் பெரும்பயன் தராமற் கிடந்தது. 1884-இல் வியன்னாவிலே காரல் கோல்லர் என்னும் இளைஞர், அதன் கரைசலிலே சில துளிகளைத் தவளையின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலும் இட்டு, குண்டூசித் தலையால் விழியைத் தொட்டும் உணர்வில்லாதிருத்தலைக் கண்டார். அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி ஹைடல்பர்க் நகரிற் கூடிய கண் வைத்தியர் சபையில் அச்செய்தி வெளியிடப்பட்டது. கோல்லர் அங்கே செல்லவில்லை. பிரயாணச் செலவுக்கு அவரிடம் பணமில்லாமையால் வேறொருவர் அவர் கட்டுரையைப் படித்தார். சபையிலிருந்த அமெரிக்க வைத்தியர் ஒருவர் எழுதிய கடிதம் அக்டோபர் மாதத்திலே நியூயார்க் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. ஹால்ஸ்டெட் அதனைப் படித்தார்.

கண்ணின் மேற்பரப்பில் நிகழ்வது நரம்பின் தண்டிலும் நிகழவேண்டுமன்றோ என்பதே அவருக்குத் தோன்றிய வினா. ஈதரும் குளோரோபாரமும் நோயாளியை முழுவதும் உறங்கச் செய்தன. அவ்வுறக்கத்தினின்று எழாதவரும் உண்டு. ஒரு கையிலே கட்டியை அறுப்பதற்கு மனிதன் முழுவதையும் மயக்குவானேன்? ஹால்ஸ்டெட்டும், அவர் நண்பராகிய ரிச்சர்ட் ஹால் என்பவரும், உடனிருந்த வேறு சில இளம் வைத்தியரும் மாணாக்கரும், ஒருவர்க்கொருவர் ஊசி ஏற்றிச் சோதிக்கத் தொடங்கினர். கீழ்த்தாடை எலும்பினுள் நுழையும் நரம்பினருகே சிறிதளவு கரைசலைச் செலுத்த, அப்பக்கத்துப் பற்களும் உதடும் உணர்வற்றுப் போயின. இன்று பல் வைத்தியரிடம் செல்லும் ஒவ்வொருவரும் அனுபவிக்கும் ஊசி அதுவே. கண்ணுக்குக் கீழே முகத்தில் வெளிப்படும் நரம்பையும், கை கால்களின் நரம்புகளையும் அவ்வாறே அடக்கினர். 1884-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் தேதியிட்ட பத்திரிகையில் ஹால் இச்சோதனைகளை வெளியிட்டார். கோல்லரின் செய்தி வெளியாகி மூன்று மாதமும் நிறையவில்லை.

மருந்து நரம்பை அடக்கும் விதத்தை அவர்கள் அறியார், பிற்காலத்தாரே அறிந்தனர். நரம்பிழையின் சுவரிலே நுண்ணிய வாயில்கள் உள. மின்னூட்டம் பெற்ற சோடியம் அணுக்கள் அவ்வாயில்கள் வழியே உட்புகுந்து கொண்டு செல்வதனாலேயே செய்தி இழையின் நெடுக ஓடுகின்றது. கொக்கேயினும் அதன் இனத்து மருந்துகளும் அவ்வாயில்களை அடைத்து நிற்கும். மருந்து கரைந்து நீங்கியதும் வாயில் திறக்கும், நரம்புக்குக் கேடில்லை. வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் பெரும்பாலும் முன்னே அடங்கும்; தசையை அசைக்கும் பருத்த இழைகள் பின்னே அடங்கும். இச்சிறு வேறுபாடு இடுப்பு மூட்டுச் சிகிச்சையிலே பெரும் பொருளுடையதாதலைப் பின்னர்க் காண்போம்.

ஹால்ஸ்டெட் இன்னும் ஒருபடி மேலே சென்றார். கை முழுவதற்கும் உணர்வளிக்கும் நரம்புக் கொத்தினைக் கழுத்திலே திறந்து, கண்ணாற் கண்டு, அதன் வேர்களில் நேரே மருந்திட்டார். மறைந்து கிடக்கும் நரம்பினை ஊசியாற் குருட்டாம்போக்கிற் தேட அவர் விரும்பவில்லை. காணாத இடத்திற் கையிடலாகாதென்பது அவர் தொழிலின் இயல்பாக என்றும் இருந்தது.

ஆனால் மருந்து வேறொன்றும் செய்தது. கொக்கேயின் உடம்பினுட் புகுந்தவுடன் களைப்பு நீங்கும், மனம் பறக்கும், உறக்கமும் பசியும் தோன்றா. பகலெல்லாம் பணியும் இரவெல்லாம் விருந்துமாய் இருந்தவர்க்கு இது பெரும் வரமாகத் தோன்றியிருக்கும். அம்மருந்து மனிதனை அடிமைகொள்ளும் என்பதை அப்போது அறிந்தோர் மிகச் சிலர். புகழ்ந்தோரே மிகப் பலர். சில மாதங்களுக்குள் அக்கூட்டத்திற் பலர் சிக்குண்டனர். ஹால் நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்குச் சென்று, 1897-இல் நாற்பது வயதளவில் இறந்தார். மற்றும் சில இளைஞருடைய வாழ்வும் பாழாயிற்று. அவர்கள் ஏமாற்றப்பட்டவரல்லர், பிறர் உடம்பிற் செலுத்துமுன் தம் உடம்பிற் சோதித்தல் நேர்மை என்று கருதியவர்கள். அந்நேர்மையே அவர்களைக் கெடுத்தது என்பதை எழுதக் கை கூசுகின்றது.

ஹால்ஸ்டெட்டின் வீழ்ச்சியை அவர் எழுத்தே காட்டிவிட்டது. 1885-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், கொக்கேயினின் பயனையும் துர்ப்பயனையும் குறித்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் முதல் வாக்கியம் எங்கோ புறப்பட்டு, கிளைத்து, வளைந்து, பொருளை எட்டாமலேயே முடிகின்றது. தெளிவாக எழுதுபவர் என்று பெயர் பெற்றவர் எழுதியது அது. பத்திரிகாசிரியர் அதனை எவ்வாறு அச்சிட்டார் என்பது விளங்கவில்லை. சிகிச்சைகளுக்கு வருதல் குறைந்தது, நண்பர்கள் கலங்கினர்.

அவர்களுள் வில்லியம் வெல்ஷ் என்பவர், பால்டிமோரில் உருவாகிக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலைக்கு நியமனம் பெற்றிருந்த நோய்க்கூற்று ஆசிரியர். அவர் நண்பனைக் கைவிடவில்லை. 1886-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாய்க்கப்பல் ஒன்றில் அவரை ஏற்றி மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் அழைத்துச் சென்றார். கடலின் நடுவே மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து விடுவித்தல் அவர் எண்ணம். கொண்டுசென்ற மருந்து தீர்ந்தபோது ஹால்ஸ்டெட் மாலுமித் தலைவனின் மருந்துப் பெட்டியை உடைத்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், யாத்திரை பயன்படவில்லை. அவ்வாண்டிலேயே ரோட் தீவைச் சேர்ந்த பிராவிடென்ஸ் நகரின் பட்லர் மனநோய் ஆஸ்பத்திரியில், தம் பெயரின் இறுதிப் பாகத்தை மறைத்து, ஏழு மாதம் தங்கினார். கொக்கேயினை விடுவிக்க மார்பியா கொடுத்தல் அக்கால வைத்திய முறை. பேய் ஒன்றை ஓட்ட மற்றொன்றைக் குடியேற்றியது போலாயிற்று அது.

1886 டிசம்பரில் அவர் பால்டிமோர் வந்து சேர்ந்தபோது பதவி இல்லை, வருவாய் இல்லை, நியூயார்க்கில் இருந்த நற்பெயரும் போய்விட்டது. வெல்ஷ் தம் இல்லத்தில் இடமும் சோதனைச்சாலையில் ஒரு மேசையும் கொடுத்தார். அங்கே நாய்களின் குடலைத் தைத்துப் பார்க்கும் வேலையில் ஹால்ஸ்டெட் அமர்ந்தார். குடற்சுவரின் பல படலங்களுள் தையலைத் தாங்க வல்லது உட்சவ்வுக்கு அடுத்துள்ள மெல்லிய நார்ப்படலமே என்பதைக் கண்டு கூறினார். இன்றும் சத்திர வைத்தியர் அதனையே நம்பித் தைக்கின்றனர். 1887 ஏப்ரலில் ஹார்வர்டு கலாசாலையில் இதனை விரிவுரையாற்றினார். உடனேயே மீண்டும் விழுந்தார். மீண்டும் பட்லர் ஆஸ்பத்திரிக்குச் சென்று ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்தார். ஒருமுறை விழுந்து எழுந்தவர் கதையே உலகில் மிகுதி. இருமுறை விழுந்தவரை மறுபடியும் வரவேற்ற வெல்ஷின் நட்பை யாம் ஹால்ஸ்டெட்டின் திறமையினும் மேலாக மதிக்கின்றோம்.

திரும்பி வந்தவர் முன்னைய ஹால்ஸ்டெட் அல்லர். விரைந்து அறுப்பதிற் பெயர் பெற்றவர் மிக மெல்லச் சிகிச்சை செய்பவரானார். ஒவ்வொரு சிறு குருதிக் குழாயையும் பற்றிக் கட்டினார். தசையைக் கசக்காமல் எடுத்தார். மெல்லிய பட்டு நூலால் இழுப்பின்றித் தைத்தார். புண்கள் சீழின்றி ஆறின. அம்மென்மையே இன்று உலகெங்கும் சத்திர வைத்தியத்தின் இலக்கணமாய் விளங்குகின்றது. நோயினால் வந்த மந்தம் அது என்பார் சிலர். சோதனைச்சாலை கற்பித்த பொறுமை என்பார் சிலர். எமக்குப் பின்னதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. நாயின் குடலோடு பல மாதம் உறவாடியவர்க்கு உயிருள்ள தசையின் அருமை தெரியாமற் போகாது.

1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. முதலில் தற்காலிகமாகவும், பின்னர் நிலையாகவும் அவர் தலைமைச் சத்திர வைத்தியராக நியமிக்கப்பட்டு, 1892-இற் பேராசிரியரானார். சிகிச்சைக் கூடத்திற் பணிபுரிந்த கரோலைன் ஹாம்ப்டன் என்னும் தாதியின் கைகள், பாதரசம் கலந்த கிருமிநாசினி நீரால் வெடித்துப் புண்பட்டன. அவர் பணியை விட்டுவிடக் கூடுமென அஞ்சிய ஹால்ஸ்டெட், மெல்லிய ரப்பரிற் கையுறை செய்து தரும்படி கம்பெனி ஒன்றைக் கேட்டுக்கொண்டார். கைகள் ஆறின, 1890 ஜூன் மாதத்தில் அக்கைகளையே அவர் பற்றினார். நோயாளியைக் கிருமியினின்று காக்கவும் அவ்வுறை உதவும் என்பதை அவர் மாணாக்கராகிய ப்ளட்குட் என்பவரே பின்பு காட்டினார். தம் கண்முன் இருந்ததைத் தாம் அத்தனை ஆண்டு காணாதிருந்தது ஹால்ஸ்டெட்டுக்கே வியப்பாயிருந்தது.

மார்பகப் புற்றுநோய்க்கு அவர் வகுத்த பெருஞ்சிகிச்சை, கட்டியோடு மார்பின் தசைகளையும் அக்குளின் கழலைகளையும் ஒருங்கே அகற்றுவது. ஏறத்தாழ எண்பது ஆண்டு அதுவே விதியாக இருந்தது. பிற்காலத்தில் முறையாகச் செய்யப்பட்ட ஆராய்ச்சிகள் அவ்வளவு அறுத்தல் பெரும்பாலார்க்குத் தேவையில்லை என்று காட்டிவிட்டன. பெரியோர் வகுத்தது என்பதற்காகவே அதனை நெடுங்காலம் எவரும் சோதிக்கத் துணியாதது வருந்தத்தக்கது. அவர் வகுத்த பயிற்சி முறை இவ்வாறு பழமைப்படவில்லை. பட்டம் பெற்ற இளைஞரை ஆஸ்பத்திரியிலேயே பல ஆண்டு தங்கவைத்து, பொறுப்பைப் படிப்படியாக மிகுவித்து, முடிவில் தனியே சிகிச்சை செய்யத் தக்கவராக்கும் முறை அது. மூளைச் சிகிச்சையிற் புகழ்பெற்ற ஹார்வி குஷிங் அவ்வாறு பயின்றவர். குஷிங் பால்டிமோரிலேயே கொக்கேயின் ஊசியைக் குடலிறக்கச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார் என்பதும் நினைக்கத்தக்கது. ஆசிரியர் தொடங்கி நிறுத்திய வேலையை மாணாக்கர் எடுத்துக்கொண்டார்.

ஆசிரியரோ வரவரத் தனிமையை நாடினார். கூட்டங்களைத் தவிர்த்தார், சில நாட்களிற் சிகிச்சையின் நடுவே உதவியாளரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு வெளியேறினார், கோடையில் மாதக்கணக்காக மறைந்தார். தம் சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸ் நகரத்திற்கு அனுப்பினார் என்பதை அக்காலத்தார் நகைச்சுவையாகப் பேசினர். வட கரோலினா மலையிலிருந்த தம் பண்ணையில் டேலியாப் பூச்செடிகளை வளர்த்தார். மனைவியார் குதிரைகளோடும் நாய்களோடும் காலங்கழித்தார். மக்கட்பேறில்லை. கொக்கேயினை வென்றுவிட்டார் என்று உலகம் நம்பியது. மார்பியாவைப் பற்றி உலகம் அறியாது. உடன் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் அறிந்திருந்தார். ஆஸ்பத்திரி திறந்த சில மாதங்களுக்குள் ஒருநாள் ஹால்ஸ்டெட் கடுங்குளிரால் நடுங்கியிருக்கக் கண்டு உண்மையை உணர்ந்த ஆஸ்லர், அதனைக் குறிப்பாக எழுதிப் பூட்டிவைத்தார். நாளொன்றுக்கு மூன்று கிரெயினுக்குக் குறைக்க ஹால்ஸ்டெட்டால் நெடுங்காலம் இயலவில்லை என்றும், 1898-ஆம் ஆண்டளவில் ஒன்றரைக் கிரெயினாக்கினார் என்றும் அக்குறிப்புக் கூறுகின்றது. வலிக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு அந்நாளிற் கால் கிரெயின் என்பதை நினைத்தால் அதன் பாரம் விளங்கும். பூட்டிய ஏடு திறக்கப்பட்டது 1969-இல். முப்பதாண்டுக்கு மேல் அப்பாரத்தைச் சுமந்துகொண்டே அவர் கற்பித்தார் என்பதை அவர் மாணாக்கரிற் பலர் அறியாமலே இறந்துபோயினர்.

நரம்பிலே மருந்திட்டவருள் தாமே முந்தினவர் என்று வாதாட ஹால்ஸ்டெட் முற்படவில்லை. அந்த ஓராண்டை நினைவுகூரவும் அவர் விரும்பவில்லை போலும். 1922-ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கத்தார் அவருடைய முதன்மையை ஏற்றுப் பொற்பதக்கம் அளித்தனர். சில மாதங்களில், தாயாரைப் பீடித்த பித்தக்கல் நோயே அவரையும் பீடித்தது. 1919-இல் ஒருமுறை சிகிச்சை பெற்றிருந்தார். இம்முறை அவர் பயிற்றுவித்தவர்களே அவரை மேசைமேற் கிடத்திச் சிகிச்சை செய்தனர். 1922 செப்டம்பர் 7-ஆம் தேதி, எழுபது வயது நிரம்பச் சில நாட்கள் இருக்கையில் உயிர் நீத்தார். மனைவியாரும் அவ்வாண்டு முடியுமுன் மறைந்தார்.

அவர் தொடங்கிய முறை அவரோடு முடியவில்லை. 1904-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஐன்ஹார்ன் என்பவர், அடிமைகொள்ளும் தன்மையில்லாத நோவோகேயினை ஆக்கினார். 1911-இல் ஜெர்மானியர் இருவர், கழுத்தைத் திறவாமலே தோலின்மேல் ஊசி குத்திக் கையின் நரம்புக் கொத்தினை அடையும் வழிகளை வெளியிட்டனர். அவருள் குலன்காம்ப் என்பவர் தம் உடம்பிலேயே அதனைச் சோதித்தார். ஆயினும் ஊசி குருடாகிவிட்டது. எலும்பையும் நாடித் துடிப்பையும் அடையாளமாக வைத்து, நோயாளியின் விரலில் மின்னல்போல் ஓர் உணர்வு பாயும்வரை தேடவேண்டியிருந்தது. பின்னர் ஊசிமுனையிற் சிறிது மின்சாரம் ஓட்டித் தசை துடிப்பதைக் கண்டு இடம் அறிந்தனர். நுரையீரலும் குருதிக் குழாயும் குத்துப்படும் அபாயம் நீங்கவில்லை. மருந்து தவறிக் குருதியிற் கலந்தால் வலிப்பு வரலாம், இதயமும் நிற்கலாம்.

ஹால்ஸ்டெட் கத்தியாற் பெற்ற காட்சியை மீண்டும் கொடுத்தது ஒலி. 1978-இல் ஒலியலைக் கருவியாற் குருதிக் குழாயின் இடமறிந்து அதனருகேயுள்ள நரம்பினை அடக்கினர். 1994-இல் வியன்னா வைத்தியர்கள் திரையிலே படத்தைக் கண்டுகொண்டே கையின் நரம்புக் கொத்தில் மருந்திட்டனர். கோல்லரின் நகரமே மீண்டும் முன்னின்றது. இடுப்பெலும்பு முறிந்து சிகிச்சைக்கு வந்த 40 நோயாளிகளிடம் அவ்வியன்னாவினரே துடை நரம்பினைச் சோதித்து, 1997-இல் முடிவை வெளியிட்டனர். மின்சாரத்தால் இடமறிந்தபோது உணர்வு நீங்க ஏறக்குறைய 27 நிமிடமும், ஒலிப்படத்தால் அறிந்தபோது 16 நிமிடமும் சென்றன.

இடுப்பு மூட்டிற்கு உணர்வளிப்பது ஒரே நரம்பன்று. முன்புறத்திற்குத் துடை நரம்பின் கிளைகளும் அதனையடுத்த நரம்பின் கிளைகளும் செல்லும். பின்புறத்திற்கு வேறு நரம்புகள் உண்டு. ஆதலின் ஓர் ஊசியால் வலி முழுவதும் ஒழியுமென்று எதிர்பார்த்தலாகாது. பாராசிட்டமால் முதலிய மருந்துகளும் உடன் வேண்டும். துடையின் முன்தசைமேல் அமைந்த உறைச்சவ்வின் அடியிலே மருந்தைப் பரப்பும் முறை 1989-இற் பிரான்ஸ் தேசத்தாராற் குழந்தைகளுக்கென வகுக்கப்பட்டு, இன்று முதியோர்க்கும் பயன்படுகின்றது. திரையிலே அச்சவ்வு வெண்கோடாய்த் தோன்றும். மருந்து அதன்கீழ்க் கருநிறத் தடாகம்போல் விரியும். ஆனால் முழங்காலை நீட்டும் தசையும் அதனால் தளரக்கூடும். எழுந்து நடக்கவேண்டிய நோயாளி கால் மடங்கி விழுந்தால் புது மூட்டின் கதி என்னாவது! முன்னே கூறிய மெல்லிழை, பருவிழை வேறுபாட்டைக் கருதி மருந்தின் செறிவைக் குறைப்பர் சிலர். மூட்டின் முன்னுறைக்குச் செல்லும் நுண்கிளைகளை மட்டும் எலும்பினருகே அடக்கும் புதுமுறை ஒன்றும் 2018-இல் வெளியிடப்பட்டது. சத்திர வைத்தியரே மூட்டைச் சுற்றி மருந்தைப் பரப்பிவிட்டால் போதும் என்பாரும் உளர். இவற்றுள் எது சிறந்தது என்பதில் வைத்தியர் இன்னும் ஒருமனப்படவில்லை.

ஒன்றில் மட்டும் பெரும்பாலார் ஒத்திருக்கின்றனர். நன்கு இடப்பட்ட ஊசி, முதல் நாளின் வலியைத் தணித்து, மார்பியாவின் தேவையைக் குறைக்கின்றது. காலையிற் சிகிச்சை முடிந்த மூதாட்டி, மாலையிலே தெளிந்த அறிவோடு கட்டிலின் ஓரத்தில் உட்காருகின்றார். தாதி ஒருவர் இடுப்பைத் தாங்க, முழங்கால் உறுதியாக நிற்கின்றதா என்று பார்த்துக்கொண்டே, பாதத்தைத் தரையில் ஊன்றுகின்றார்.